பசித்தவர்கள் படைத்த விருந்து

இத்தாலிய உணவு என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது ஒரு செழிப்பின் சித்திரம்: ஆவி பறக்கும் பாஸ்தா, தக்காளிக் குழம்பு, துருவித் தூவிய பாலாடைக்கட்டி, அருகே ஒரு கோப்பை திராட்சை மது. இந்தச் செழிப்பு இத்தாலியில் காலங்காலமாக இருந்து வந்தது என்றே உணவக விளம்பரங்கள் நம்மை நம்பச் சொல்கின்றன. வரலாற்றைப் புரட்டினால் கிடைக்கும் கதையில் விருந்தைவிடப் பசிக்கே பெரிய இடம் இருக்கிறது.

முதலில் ஒரு பழங்கதையை ஒதுக்கிவைப்போம். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று நாம் கேட்டிருக்கிறோம். அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1279இல், ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலில் பெட்டி நிறைய மக்ரோனி இடம்பெற்றிருக்கிறது. இன்னும் பின்னே போனால், சிசிலியின் நார்மன் அரசர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் நூல் இயற்றிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி வருகிறார். பலெர்மோவை அடுத்த ட்ரபியாவில் ‘இத்ரியா’ என்னும் உலர்ந்த மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்துவ நாடுகளுக்கும் கப்பல்களில் அனுப்பப்பட்டதை அவர் குறித்து வைத்திருக்கிறார். ஆக, பாஸ்தா தன் தொடக்கக்கால ஏடுகளிலேயே ஏற்றுமதிச் சரக்காகத்தான் நமக்குக் காட்சி தருகிறது.

உள்நாட்டில் அதை உண்டவர் யார்? 1861இல் இத்தாலி ஒரே அரசானபோது, வடபுலத்து ஏழை உழவனின் அன்றாட உணவு பொலெண்டா என்னும் மக்காச்சோளக் களி. மக்காச்சோளத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த ஐரோப்பியர், அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்ணும் மெக்சிகோ மக்களின் வழக்கத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. சுண்ணாம்பு நீரில் வேகாத சோளத்தின் சத்து உடலில் சேராது. களியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களைப் பெலாக்ரா நோய் பிடித்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், இறுதியில் சித்தம் கலங்கும். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். தெற்கிலோ இறைச்சி என்பது பண்டிகை நாள்களின் பொருள்.

இந்தக் காலத்தில்தான், 1891இல், ஃப்ளாரன்ஸில் வாழ்ந்த பட்டு வணிகர் பெல்லெக்ரினோ அர்தூசி ஒரு சமையல் நூலை வெளியிட்டார். பதிப்பாளர் எவரும் முன்வராததால் சொந்தச் செலவில் அச்சிட்டார். 475 குறிப்புகளோடு தொடங்கிய நூல், வாசகர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டு, அவர் இறந்த 1911ஆம் ஆண்டளவில் 790 குறிப்புகளாக வளர்ந்திருந்தது. பொது மொழியாக இத்தாலியத்தைப் பேசுவோர் மிகச் சிலரே இருந்த நாட்டில், நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கு ஒரு பொதுச் சமையல் மொழியை அவர் வகுத்துத் தந்தார் எனலாம். நூலின் உரிமையைத் தம் வீட்டில் பணிபுரிந்த சமையற்காரர் பிரான்செஸ்கோவுக்கும் மரியெத்தாவுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவ்வகையில் சமைத்த கைகளுக்கு அவர் செய்த மரியாதை அது. ஆயினும் அந்நூலை வாங்கவோ வாசிக்கவோ இயலாத பெருங்கூட்டம் துறைமுகங்களில் கப்பலுக்குக் காத்து நின்றது.

1880 முதல் 1920 வரை ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போனார்கள். அங்கே கூலி கிடைத்தது. மாவும் இறைச்சியும் கைக்கெட்டும் விலையில் இருந்தன. ஊரில் நிலவுடைமையாளர் வீட்டுச் சாளரத்தின் வழியே மணத்தை மட்டும் அறிந்திருந்த உணவுகளை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமைத்தார்கள். ஸ்பகெட்டியின் மேல் பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்துப் பரிமாறும் வழக்கம் அங்கே உருவானதே. இத்தாலியில் இப்படியொரு பண்டம் இல்லை என்று இன்று பலர் நகைக்கிறார்கள். பசியிலிருந்து தப்பியவன் தட்டை நிறைத்துக்கொண்டதில் நகைக்க என்ன இருக்கிறது?

பிரிட்டனின் கதை துயரமானது. பார்தி, பார்கா போன்ற மலையூர்களிலிருந்து வந்தவர்கள் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஐஸ்கிரீம் கடைகளையும் காப்பிக் கடைகளையும் நடத்தினார்கள். 1940 ஜூன் 10 அன்று முசோலினி போர் அறிவித்தார். அன்றிரவே அக்கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. முந்தைய நாள் வரை அங்கே தின்பண்டம் வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கவேண்டும். ஆண்கள் கைதானார்கள். அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இறந்த இத்தாலியர் 400க்கும் மேல். அவர்களில் கடைக்காரர்கள், சமையற்காரர்கள், பரிமாறுவோர் பலர். எடின்பரோவை அடுத்த லீத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் தந்தை, தாத்தா, மாமா மூவரையும் இழந்தது. அக்குடும்பத்து மகன் எதுவார்தோ பவுலோட்சி பின்னாளில் புகழ்பெற்ற சிற்பியானார்.

அதே பிரிட்டனில், உணவுப் பங்கீடு முற்றிலுமாக நீங்கிய 1954இல், எலிசபெத் டேவிட் இத்தாலிய உணவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1957 ஏப்ரல் முதல் நாள் பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக ஒரு படம் காட்டியது. அதை நம்பி, அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டவர்கள் உண்டு.

இன்று அசல் எது, போலி எது என்ற வழக்கு ஓயாமல் நடக்கிறது. கார்பனாரா அமெரிக்கத் தொடர்பில் பிறந்த உணவு என்று பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி 2023இல் சொன்னபோது இத்தாலியில் பெரும் கோபம் எழுந்தது. ஆனால் 1954இல் ஓர் இத்தாலிய இதழில் வெளிவந்த கார்பனாரா குறிப்பில், இன்று பாவமெனக் கருதப்படும் பூண்டும் சுவிஸ் பாலாடைக்கட்டியும் இருக்கின்றன. 2025 டிசம்பரில் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. மகிழ்ச்சியே. அந்த மரபில் ட்ரபியாவின் அரபுக் கைகளுக்கும், ஊரைவிட்டுப் போனவர்களுக்கும், கடலில் மூழ்கிய காப்பிக் கடைக்காரர்களுக்கும் பங்குண்டு என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோம். ரோமின் தெருவோர உணவகமாயினும் நியூயார்க்கின் பழைய கடையாயினும், சுவைத்து உண்பதற்கு இந்த நினைவு ஒருபோதும் இடையூறாகாது.