தமிழ் காமிக்ஸ் இதழ்களின் விலை: தரநிர்ணயமும் அச்சுப் பிழையும்

பழைய காமிக்ஸ் இதழ் ஒன்றின் விலை அதன் கதையால் மட்டும் அமைவதில்லை. எத்தனை படிகள் மிஞ்சியிருக்கின்றன, கையிலிருக்கும் படி எந்த நிலையில் உள்ளது, அதை அச்சிட்டபோது என்ன நேர்ந்தது என்னும் மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன. அமெரிக்காவில் இந்த நிலையை அளந்து மதிப்பெண் இடுவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தமிழ் காமிக்ஸுக்கு அப்படி ஓர் அமைப்பு உருவாகவில்லை. விற்பவரின் சொல்லும் வாங்குபவரின் கண்ணுமே இங்கு அளவுகோல். இந்த வேறுபாடு எப்படி வந்தது, அதனால் தமிழ் இதழ்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிவகாசியும் காமிக்ஸும்

தமிழ் காமிக்ஸ் வரலாற்றின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் அவ்வூரில் வேர்விட்டது. காலண்டர், நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம் என வளர்ந்த அந்த அச்சகச் சூழலில் 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ஃப்ளீட்வே நிறுவனக் கதைகளைத் தமிழில் தந்த அந்த இதழ், ஒரு தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கத்தை ஊட்டியது. அவருடைய மகன் விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே 1984இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வெளிவந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

இவை யாவும் மலிவு விலையில், பெட்டிக்கடையிலும் பேருந்து நிலையக் கடையிலும் கிடைத்தவை. செய்தித்தாள் போன்ற தாள், மெல்லிய அட்டை, நடுவில் இரண்டு கம்பிப் பின்கள் என்பதே அக்காலத்து இதழின் பொதுவான அமைப்பு. படித்து முடித்தபின் கைமாற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஐம்பது ஆண்டு பாதுகாக்க வேண்டிய பொருளாக அதை அன்று யாரும் கருதவில்லை.

இதழ்கள் அழிந்த விதம்

இவற்றில் நல்ல படிகள் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணங்கள் பல.

முதல் காரணம் தாள். மரக்கூழை அரைத்துச் செய்யும் மலிவுத் தாளில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடும். வெளிச்சமும் வெப்பமும் படப்பட அது காற்றோடு வினைபுரிந்து தாளைப் பழுப்பாக்கும். தாளில் அமிலம் கூடக்கூட அது நொறுங்கும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் ஓட்டுக்கூரைக்கு அடியில், பரண்மேல் கிடந்த இதழ்கள் இப்படித்தான் உதிர்ந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் பின் துருவேறி, சுற்றியிருந்த தாளையும் தின்றது. மிச்சத்தைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொண்டன.

இரண்டாவது காரணம் பயன்பாடு. வாடகை நூல் நிலையங்களில் ஓர் இதழ் பல கைகளைக் கடந்தது. அட்டை கிழிந்தால் பசை, பக்கம் கழன்றால் ஊசிநூல், பிறகு செலோ டேப். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். அதை இனி எடுக்கவே முடியாது.

மூன்றாவது காரணம் பெரியவர்கள். காமிக்ஸ் படிப்பது படிப்பைக் கெடுக்கும் என்று நம்பிய காலம் அது. பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த மாணவனிடமிருந்து இதழைப் பறித்து மேசை இழுப்பறையில் போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஆண்டு இறுதியில் அவை விடைத்தாள்களோடு சேர்ந்து எடைக்குப் போயின. இன்று ஓர் இதழைத் தேடி அலைபவரைக் காணும்போதெல்லாம் அந்த இழுப்பறை நினைவுக்கு வருகிறது.

நான்காவது காரணம் விபத்து. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அங்கிருந்த கடைகளின் சரக்கும் அழிந்தது.

அமெரிக்காவில் தரநிர்ணயம்

அமெரிக்காவிலும் காமிக்ஸ் முதலில் குப்பைக்குப் போன பொருள்தான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்றது. போர்க்காலத்துப் பழைய தாள் திரட்டலில் அக்காலத்து இதழ்கள் ஏராளமாக அழிந்தன. மிஞ்சியவற்றைத் தேடுவோர் பெருகியபோது, 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். ஒரே இதழுக்கு நிலையைப் பொறுத்து வெவ்வேறு விலை என்னும் வழக்கம் அதனால் நிலைபெற்றது. ஆனால் நிலையைச் சொல்பவர் விற்பவராகவே இருந்தார். தன் சரக்கைத் தானே ‘நல்லது’ என்று சொல்வதில் தகராறு எழாமல் இருக்குமா?

இந்தச் சிக்கலுக்கு விடையாக 2000ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்னும் நிறுவனம் தொடங்கியது. வாங்குவது, விற்பது இரண்டிலும் சேராத மூன்றாம் தரப்பு ஒன்று இதழைச் சோதிக்கும் என்பதே அதன் அடிப்படை. முதலில் பக்கங்களை எண்ணுவர். பிறகு வண்ணம் தீட்டல், ஓரம் வெட்டல், கிழிசல் ஒட்டல் போன்ற பழுதுபார்ப்புகள் உண்டா எனத் தேடுவர். ஒன்றுக்கு மேற்பட்டவர் தனித்தனியே பார்த்து 0.5 முதல் 10.0 வரை ஒரு மதிப்பெண் முடிவாகும். அதன்பின் இதழைக் கடினமான ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, மேலே சீட்டு வைத்துவிடுவர். இயல்பான படிக்கு நீலச் சீட்டு, பழுதுபார்க்கப்பட்டதற்கு ஊதாச் சீட்டு, குறிப்பிட்ட ஒரு பெருங்குறை உடையதற்குப் பச்சைச் சீட்டு.

மதிப்பெண் விலையாக மாறுவதற்கு அந்த முதல் இதழே சான்று. 2010 பிப்ரவரியில் 8.0 மதிப்பெண் பெற்ற படி 10 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே 8.5 பெற்ற வேறொரு படி 15 லட்சம் டாலருக்குப் போனது. 2011இல் 9.0 பெற்ற படிக்கு 21.6 லட்சம் டாலர் கிடைத்தது. அரை மதிப்பெண்ணின் பெறுமானம் 5 லட்சம் டாலருக்குக் குறையவில்லை.

பெட்டிக்குள் வைத்துவிட்டால் நம்பிக்கை முழுமையாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பெட்டியைத் தடயமின்றித் திறந்து, உள்ளே தரம் குறைந்த படியை மாற்றி வைத்து விற்ற மோசடி 2023 இறுதியில் வெளிப்பட்டது.

அச்சுப் பிழைகள்

இதழில் காணும் குறைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, கடைக்கு வந்தபின் மனிதர் கையால் நேர்ந்த தேய்மானம். மற்றொன்று, அச்சகத்திலேயே நேர்ந்த குறை. நான்கு நிறங்களையும் தனித்தனித் தகடுகளில் அச்சிடும்போது ஒன்று சற்று நகர்ந்தால், முகத்துக்கு வெளியே உதட்டுச் சிவப்பு நிற்கும். பாரம் மாறிச் சேர்ந்தால் ஒரே பக்கங்கள் இரண்டு முறை வரும், வேறு சில பக்கங்கள் வராமலே போகும். பின் கோணலாக ஏறும். அட்டை ஒருபுறம் இழுத்து மடிந்து, பின்னட்டை முன்னால் எட்டிப் பார்க்கும். வெட்டும் கத்தி மழுங்கினால் ஓரங்கள் சிம்பு சிம்பாகப் பிய்யும். மார்வல் நிறுவனத்தின் பழைய இதழ்களில் இந்தக் கடைசிக் குறை மிகுதி. சேகரிப்பாளர்கள் அதற்கு நிறுவனத்தின் பெயரையே வைத்துவிட்டனர்.

சிறிய அச்சுக் குறைகளைத் தரநிர்ணயர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வர். ஆனால் உச்சத்தில் அந்தச் சலுகை இல்லை. 10.0 பெற வேண்டுமானால் கைபட்ட குறையும் கூடாது, அச்சகக் குறையும் கூடாது. மிக நுண்ணிய அச்சகக் குறை ஒன்று இருந்தால் 9.9 மட்டுமே கிடைக்கும்.

பிழையே விலையைக் கூட்டுவதும் உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே பழைய எடுத்துக்காட்டு, 1854இல் கல்கத்தாவில் அச்சான நாலணா அஞ்சல்தலை. இரண்டு நிறங்களுக்காக இரண்டு முறை அச்சிட்டபோது சில தாள்களில் விக்டோரியா அரசியின் தலை கவிழ்ந்துவிட்டது. இன்று உலகின் அரிய அஞ்சல்தலைகளுள் அது ஒன்று. காமிக்ஸில் தவறுதலாக இரண்டு அட்டைகள் சேர்ந்த படிக்கு மதிப்பு அதிகம். வெளியட்டை அடிபட்டு உள்ளட்டையைக் காத்திருக்கும். பிழையல்லாத வேறுபாடும் இப்படி மதிப்புப் பெறும். மார்வல் நிறுவனம் 1977இல் சில ஊர்களில் மட்டும் 30 சென்ட்டுக்குப் பதில் 35 சென்ட் என்று விலை அச்சிட்டுச் சோதித்தது. அந்த விலையுள்ள ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழை ஐந்து சென்ட் வேறுபாட்டுக்காகவே பெரும் பணம் கொடுத்து வாங்குகின்றனர்.

ஆகவே பிழை விலையைக் கூட்ட மூன்று நிபந்தனைகள் வேண்டும். பார்த்தவுடன் தெரிய வேண்டும், மிகச் சில படிகளிலேயே இருக்க வேண்டும், அச்சகத்தில்தான் நேர்ந்தது என்று உறுதிப்பட வேண்டும். மங்கிய மையும் நகர்ந்த நிறமும் ஆயிரக்கணக்கான படிகளில் பொதுவாக இருந்தால் அவற்றால் விலை கூடாது. பக்கம் குறைந்தால் விலை சரியும். வுல்வரின் முழுமையாகத் தோன்றிய ‘ஹல்க்’ 181ஆம் இதழில் (1974) வெட்டி எடுப்பதற்கென்றே ஒரு சிறு படம் அச்சாகியிருந்தது. சொன்னபடி கேட்டு வெட்டிய சிறுவர்களின் படிகள் இன்று முழுமையற்றவை.

தமிழ்ச் சந்தையின் வழக்கம்

தமிழ் இதழ்களுக்கு மதிப்பெண் இல்லை. ‘நல்ல கண்டிஷன்’, ‘சுமார்’, ‘அட்டை இல்லை’ என்னும் சொற்களே உள்ளன. ஒருவருக்கு நல்ல நிலையாகத் தெரிவது மற்றவருக்குச் சுமாராகத் தெரியும். இங்கு விலையை முதலில் தீர்மானிப்பது முழுமை: அட்டை உண்டா, பக்கங்கள் எல்லாம் உண்டா என்பதே கேள்வி. நிலை அதற்குப் பின்புதான்.

அடுத்தது, எந்தப் பதிப்பு என்பது. புகழ்பெற்ற பழைய கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் போன்ற பெயர்களில் மறுபதிப்புக் கண்டுள்ளன. பெயரை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். முத்து காமிக்ஸில் ‘மாயாவி’ என்றால் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் அதே பெயர் முகமூடி வீரரான வேதாளரைக் குறிக்கும்.

மறுபதிப்பு விலையைத் தணிப்பதற்கு ‘இரத்தப் படலம்’ நல்ல எடுத்துக்காட்டு. பெல்ஜியத்துக் கதையாசிரியர் ழான் வான் ஹாம், ஓவியர் வில்லியம் வான்ஸ் ஆகியோரின் இத்தொடர் 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தது. படிகள் தீர்ந்தபின் அட்டை விலையைப் பல மடங்கு தாண்டிக் கைமாறியது. 2018இல் வண்ணத்தில் மீண்டும் வந்தபோது, கதையைப் படிக்க விரும்பியவருக்கு வேறு வழி பிறந்தது. அதன்பின் பழைய தொகுப்பைத் தேடுபவர் சேகரிப்பாளர் மட்டுமே.

பைண்டு செய்த தொகுப்புகள்

அமெரிக்க அளவுகோலை அப்படியே இங்கு வைத்தால் ஒரு முரண் எழுகிறது. தமிழ்நாட்டில் வாடகை நூல் நிலையத்தாரும் வீட்டாரும் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்வது வழக்கம். பைண்டர் பின்களை உருவி, முதுகோரம் துளையிட்டுத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டிச் சமமாக்கி, கனத்த அட்டை ஒட்டுவார். தரநிர்ணய நோக்கில் இது ஓரம் வெட்டிய, தையல் துளையிட்ட, நூல் நிலைய முத்திரை குத்திய படி. மதிப்பெண் அடிமட்டத்துக்குப் போகும். ஆனால் கரையானுக்கும் கிழிசலுக்கும் தப்பிப் பல இதழ்கள் இன்று முழுப் பக்கங்களோடு இருப்பதற்குக் காரணமே அந்தப் பைண்டிங். உதிரியாகப் போனவை உதிர்ந்தே போயின.

விலைக்காக இப்போது அந்தத் தொகுப்புகளைப் பிரித்து, முத்திரையைச் சுரண்டி, புதுப் பின் அடித்துத் தனி இதழாக்கினால் பொருளும் கெடும், வரலாறும் கெடும். எந்த ஊர் நூல் நிலையம், எந்தெந்த இதழைச் சேர்த்து வைத்தது, யார் எடுத்துப் படித்தார் என்பதற்கு அந்த முத்திரையும் மைக்குறிப்புமே சான்று. தமிழ் காமிக்ஸின் தொடக்க காலத்தை ஆராய விரும்பும் மாணவர் இன்றும் பெரும்பாலும் தனியார் அலமாரிகளையே நம்ப வேண்டியுள்ளது. பெட்டிக்குள் மூடிய இதழில் அட்டையை மட்டுமே அவர் பார்க்க முடியும்.

நேர்மையான விவரிப்பு

தமிழ் இதழ்களுக்கு உடனடித் தேவை மதிப்பெண்ணைவிட ஒழுங்கான விவரிப்பு. விற்பவரும் வாங்குபவரும் கீழ்க்காணும் ஆறு செய்திகளை எழுத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான தகராறுகள் தீரும்.

1. பதிப்பகம், இதழ் எண், வெளியான மாதமும் ஆண்டும், முதற்பதிப்பா மறுபதிப்பா.
2. அட்டையும் எல்லாப் பக்கங்களும் உள்ளனவா. இல்லையெனில் எவை இல்லை.
3. தாளின் நிறம், நொறுங்கும் தன்மை, பூச்சித்துளை, பின்னின் துரு.
4. டேப், பசை, தையல், ஓரம் வெட்டல், வண்ணம் தீட்டல் முதலிய பழுதுபார்ப்புகள்.
5. முத்திரை, கையெழுத்து, பெயர்க் குறிப்பு.
6. அச்சகத்திலேயே நேர்ந்ததாகத் தெரியும் குறைகள்.

வீட்டுப் பரணில் பழைய இதழ் கிடைத்தால் டேப் ஒட்டக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது, பைண்டைப் பிரிக்கக் கூடாது. உலர்ந்த, இருட்டான இடத்தில் படுக்கை வாட்டில் வைத்து, மேற்கண்ட விவரங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வைத்தாலே போதும். விலை இன்று ஏறும், நாளை மறுபதிப்பு வந்தால் இறங்கும். எந்த ஊரில், யாரிடம் இருந்த படி என்ற குறிப்பு தொலைந்தால் அதை மீண்டும் பெற வழியில்லை.