லிங்கனின் படகுக் காப்புரிமை

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் தம் பெயரில் காப்புரிமை பெற்றவர் ஆபிரகாம் லிங்கன் (1809–1865) ஒருவரே. 1849 மே 22 அன்று அவருக்கு வழங்கப்பட்ட 6469-ஆம் எண் காப்புரிமை, ஆழம் குறைந்த ஆற்றில் மணல்திட்டில் சிக்கிய படகை மிதக்கவைக்கும் அமைப்புக்கானது. அப்போது அவர் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர வழக்கறிஞர். அவருடைய கருவி விற்பனைக்கு வரவேயில்லை. ஆயினும் அதற்குப் பின்னால் இருந்த ஆற்றறிவு எட்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் பயன்பட்டது. அதுவும் படகுக்காரர்களுக்கு எதிராக.

ஆற்றோடு பழக்கம்

லிங்கன் சட்டம் படிப்பதற்கு முன்பே படகு ஓட்டியவர். 1828-இலும் 1831-இலும் சரக்கு ஏற்றிய தட்டைப் படகில் மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை சென்றார். இரண்டாம் பயணத்தின் தொடக்கத்திலேயே, சங்கமன் ஆற்றில் நியூ சேலம் என்ற ஊரின் மாவாலை அணையில் படகு ஏறி நின்றுவிட்டது. முன்பகுதி அணைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க, பின்பகுதியில் நீர் நிறைந்தது. லிங்கன் பின்னாலிருந்த சரக்கை அகற்றி, முன்பகுதியில் துளையிட்டு நீரை வடியவிட்டார். பிறகு துளையை அடைத்துப் படகை அணைக்கு அப்பால் செலுத்தினார். மறு ஆண்டு தாலிஸ்மன் என்ற நீராவிப் படகு அதே ஆற்றில் வந்தபோது, அது திரும்பிச் செல்ல வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். நீர் வற்றிவிட்டதால் அணையின் ஒரு பகுதியை உடைத்தே அதனைக் கடத்த வேண்டியிருந்தது. 1832 தேர்தலில் சங்கமன் ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்று அவர் பேசியது இத்தகைய அனுபவத்தால்தான். அத்தேர்தலில் அவர் தோற்றார்.

துருத்தியும் கம்பமும்

1836-இல் வழக்கறிஞராகும் உரிமம் பெற்ற லிங்கன், 1847 முதல் 1849 வரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். 1848-இல் ஏரிகள் வழியாக ஊர் திரும்பும்போது, டெட்ராய்ட் ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் தரைதட்டி நின்றதைக் கண்டார். கப்பல் தலைவர் வெற்றுப் பீப்பாய்களையும் பலகைகளையும் அடியில் செருகச் செய்து அதனை உயர்த்தினார். அப்படியானால் அந்த மிதவையைக் கப்பலே எப்போதும் சுமந்து செல்லலாமே என்பதுதான் லிங்கனின் எண்ணம்.

நீர் புகாத துணியாலான, துருத்தி போல் மடங்கும் காற்றறைகள் படகின் இருபுறமும் அமையும். திட்டு வந்தால் செங்குத்துக் கம்பங்களும் கயிறுகளும் அவற்றை நீருக்குள் இறக்கி விரிக்கும். தேவையில்லாதபோது மேலே மடங்கியிருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு தச்சர் ஒருவரின் உதவியுடன் மரத்தில் மாதிரி செய்தார். காங்கிரஸ் பதவிக்காலம் முடிந்த ஒரே வாரத்தில், மார்ச் 10 அன்று, விண்ணப்பம் பதிவாயிற்று. அம்மாதிரி இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வசம் உள்ளது.

கருத்து அழகானது, நடைமுறை கடினமானது. படகு எவ்வளவு எடை உயர வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவு விசையுடன் காற்றறைகளை நீருக்குள் அமிழ்த்த வேண்டும். அவ்விசை முழுவதையும் கம்பங்களும் கயிறுகளும் தாங்கியாக வேண்டும்.

எஃபி ஆஃப்டன் வழக்கு

மிசிசிப்பிக்குக் குறுக்கே முதல் இரயில் பாலம் 1856 ஏப்ரலில் ராக் ஐலண்டு அருகே திறக்கப்பட்டது. மே 6 அன்று எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு பாலத்தூணில் மோதி எரிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. பாலம் ஆற்றுப் போக்குவரத்துக்குத் தடை என்று படகு உரிமையாளர்கள் இழப்பீடு கோரினர். அவர்கள் வென்றால் மிசிசிப்பியை எந்த இரயில் பாதையும் எளிதில் கடக்க முடியாது என்பதால், செயின்ட் லூயிஸ் நகரின் படகு வணிகர்களும் சிகாகோவின் இரயில் நிறுவனங்களும் வழக்கை உற்று நோக்கினர்.

1857 செப்டம்பரில் சிகாகோவில், நீதிபதி ஜான் மெக்லீன் முன் விசாரணை நடந்தது. பாலத்தின் தரப்பு வழக்கறிஞர்களுள் ஒருவரான லிங்கன், முன்னதாகவே பாலத்தை நேரில் சென்று பார்த்திருந்தார். நீரோட்டத்தின் வேகம், படகு சென்ற கோணம், அதன் துடுப்புச் சக்கரங்களுள் ஒன்று சரியாக இயங்காமை ஆகியவற்றை ஜூரிகளிடம் படிப்படியாக விளக்கினார். ஆற்றின் வழியே செல்வோருக்கு உள்ள உரிமை ஆற்றைக் கடப்போருக்கும் உண்டு என்பது அவர் வாதம். 1856 செப்டம்பர் 8 முதல் 1857 ஆகஸ்டு 8 வரை 12,586 சரக்கு வண்டிகளும் 74,179 பயணிகளும் பாலத்தைக் கடந்ததையும், குளிர்காலத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் ஆற்றில் படகுகள் செல்ல முடியாமல் போனதையும் எடுத்துக்காட்டினார்.

லிங்கன் இவ்வழக்கில் வென்றார் என்று பல நூல்கள் கூறுவது பிழை. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை; அவர்கள் கலைக்கப்பட்டனர். பாலம் நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது வேறொரு வழக்கில், லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தபோது. அதற்கு முன்பே, 1862 ஜூலை 1 அன்று, பசிபிக் கடற்கரை வரை இரயில் பாதை அமைக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார்.