கார்க்கசோன்: ரெனொவேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோக்கள்

கார்க்கசோன்ங்கிற போர்டு கேமை உங்கள்ல சிலர் விளையாடியிருப்பீங்க. அட்டைகளை ஒட்டி ஒட்டி வெச்சு கோட்டைச் சுவரை மூடணும். அந்தப் பேர்ல தெற்கு ஃப்ரான்ஸ்ல நிஜமாவே ஒரு ஊர் இருக்கு. குன்று மேல ரெண்டு அடுக்கு மதில், 52 கோபுரங்கள், அதுல பலதுக்கு கூம்பு மாதிரி கூரை. நெட்ல தேடினா வர்ற படமெல்லாம் ராஜா ராணி கதைப் புத்தகத்தோட அட்டை மாதிரியே இருக்கும்.

1851ல அதே மதிலை எடுத்த போட்டோக்களும் இருக்கு. அதுல கோபுரங்கள் மொட்டையா, விளிம்பெல்லாம் உதிர்ந்து நிக்குது.

1659ல ஃப்ரான்ஸ், ஸ்பெயின் ஒப்பந்தத்தால எல்லை தெற்கே நகர்ந்துச்சு. எல்லைக் காவல்ங்கிற வேலையே இந்தக் கோட்டைக்கு இல்லாம போச்சு. வசதியானவங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் கீழ் ஊர்ல இருந்தாங்க. ரெண்டு மதிலுக்கும் நடுவுல ஏழை நெசவாளிங்க சுவரை ஒட்டியே வீடு கட்டிக்கிட்டாங்க. 1850 வாக்குல, கோட்டையை இடிச்சாலும் பரவாயில்லைங்கிற நிலைக்கு அரசாங்கம் வந்துடுச்சு. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் க்ரோ-மெர்வியேயும், நினைவுச்சின்னங்களுக்கான இன்ஸ்பெக்டர் ஜெனரல் ப்ரோஸ்பேர் மெரிமேயும் எதிர்த்து நின்னாங்க. ஆமா, ‘கார்மென்’ கதையை எழுதின அதே மெரிமே.

அடுத்த கேள்வி, எதை முதல்ல ரிப்பேர் பண்றது? பாரிஸ் ஆஃபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு கட்டடங்களோட நிலைமை தெரியணும். அதனால 1851ல அஞ்சு போட்டோகிராஃபர்களை நாடு முழுக்க அனுப்பினாங்க. மிஷன் எலியோகிராஃபிக்னு பேர். அதுல குஸ்தாவ் லெ க்ரேயும் ஒகுஸ்த் மெஸ்த்ராலும் சேர்ந்து கார்க்கசோனுக்கு வந்தாங்க.

இங்க டெக்னாலஜி முக்கியம். அப்போ பிரபலமா இருந்த டாகரோடைப்ல உலோகத் தகட்டுல ஒரே ஒரு படம்தான் வரும், காப்பி எடுக்க முடியாது. லெ க்ரே பேப்பர் நெகட்டிவ்ல மெழுகு ஏத்தினார். முன்கூட்டியே தயார் பண்ணி, காய்ஞ்ச தாளா பையில போட்டுக்கிட்டு, படம் எடுத்து சில நாள் கழிச்சுகூட டெவலப் பண்ணலாம். ஊர் ஊராப் போறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா ஒரு படத்துக்கு பல நிமிஷம் லென்ஸைத் திறந்து வெக்கணும். நடந்து போறவங்க பதிவாகவே மாட்டாங்க. அந்தப் படங்கள்ல ஊர் அவ்வளவு அமைதியா தெரியுதே, அதுல பாதி கெமிஸ்ட்ரிதான்.

அதே மிஷன்ல போன பால்துஸ், ஆர்ல்ஸ் ஊர்ல ஒரு மடத்தோட உள்முற்றத்தை பல நெகட்டிவா எடுத்து, வெட்டி ஒட்டி ஒரே படமாக்கினார். போன்ல நாம எடுக்கற பனோரமாவை அவர் கத்தரிக்கோலால பண்ணியிருக்கார்!

இவ்வளவு உழைப்பையும் வாங்கி, கமிஷன் பத்திரமா பெட்டிக்குள்ள வெச்சுடுச்சு. புத்தகமா போடலை. அவங்களுக்கு அது வேலைக்கான டாக்குமென்ட், அவ்வளவுதான். பெரும்பாலான நெகட்டிவ்கள் இப்போ பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு.

1853ல வியோலே-லெ-டுக் ரெஸ்டோரேஷனை ஆரம்பிச்சார். 1879ல அவர் இறந்த பிறகும் வேலை நடந்துச்சு. அந்தக் கூம்புக் கூரைகள் இந்தக் காலத்துலதான் வந்துச்சு, கருப்பு ஸ்லேட் கல்லுல. அது வடக்கு ஃப்ரான்ஸ் பாணி, தெற்குல ஓடுதான் வழக்கம்னு கடும் விமர்சனம். பின்னாடி சில கோபுரங்கள்ல கூரையை ஓட்டுக்கு மாத்தினாங்க. என்னைக் கேட்டா, அவரை வில்லனாக்கறது நியாயமில்லை. ரிப்பேர் நடக்காம இருந்தா அந்தக் கல்லெல்லாம் வேற வீட்டுச் சுவர்ல போயிருக்கும். 1997ல யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியல்ல சேர்த்தப்போ, அவரோட ரெஸ்டோரேஷனையே ஒரு காரணமா சொன்னாங்க.

எனக்கு உறுத்தறது கூரை இல்லை. மதிலைப் பழையபடி காட்டணும்னு நெசவாளிங்க வீடுகளை எல்லாம் இடிச்சு, ஆட்களை வெளியேத்தினாங்க. இன்னிக்கு டூரிஸ்ட்டுங்க செல்ஃபி எடுக்கற ரெண்டு மதிலுக்கு நடுவுல இருக்கற புல்வெளி, அந்தத் தெருக்கள் இருந்த இடம்.