கருங்குழிக் கோட்டையும் நெல்லும்

மதுராந்தகத்திலிருந்து கருங்குழிக்கு சைக்கிள் மிதித்தேன். "கோட்டையா? இங்க ஏது?" என்றார் டீக்கடைக்காரர்.

இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1759 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும்.

சைக்கிள் வேகத்தில் பார்த்தால் ஏரி, மதகு, வாய்க்கால், வயல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோட்டை யாரிடமோ, சுற்றுவட்டாரத்து நெல்லும் வரியும் அவரிடம். சம்பள பாக்கிக்காக அக்டோபரில்தான் லாலியின் படையே கலகம் செய்திருந்தது. அந்த நிலையில் கருங்குழியும் கைவிட்டுப் போச்சு.

1763-இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். போர் முடிந்தது. உழுதவருக்கு வரி முடியவில்லை.