தவளைக்குக் கால்சட்டை தைத்த குருவானவர்

மழை வலுத்த இரவுகளில், திருப்பெரும்புதூர்–ஒரகடம் சாலையோரப் பள்ளங்களில், தொழிற்சாலை மதில்களுக்கு வெளியே தவளைகள் கத்துவதைக் கேட்டிருப்போம். மஞ்சள் நிறம் பூண்ட ஆண், பெண் தவளையை முன்னங்கால்களால் இறுகப் பற்றிக்கொள்ளும். பெண் நீரில் இடும் முட்டைகளின்மீது ஆண் விந்தைச் சொரியும். கருவுறுதல் உடலுக்கு வெளியே நிகழ்வதால், உயிர் உருவாகும் விதத்தை ஆராயத் தவளை பெரிதும் உதவிற்று.

அரிஸ்டாட்டில் காலந்தொட்டு, ஆணே உயிருக்கு வடிவம் தருபவன், பெண் வெறும் பொருளை அளிப்பவள் என்ற கருத்து நிலவியது. பின்னர் சிலர் மறுகோடிக்குச் சென்று, குஞ்சு முழுமையாக முட்டைக்குள்ளேயே அடங்கியுள்ளது என்றனர். 1677இல் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் கண்ட விந்தணுக்களை வெறும் ஒட்டுண்ணிகள் என்றே பலர் எண்ணினர்.

இத்தாலி நாட்டு லாசரோ ஸ்பல்லன்சானி (1729–1799) ஒரு குருவானவர். பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் ஆண் தவளைகளுக்கு மெழுகு பூசிய பட்டுத்துணியில் கால்சட்டை அணிவித்தார். முட்டைகள் கருவுறவில்லை. கால்சட்டையில் தங்கிய துளிகளை முட்டைகள்மீது தடவியபோது கருவுற்றன! விந்தை வடிதாளில் வடிகட்டினார். வடிந்த நீர் ஆற்றல் இழந்தது, தாளில் தங்கிய கசடு ஆற்றலோடிருந்தது. ஆயினும் முட்டைக் கொள்கையில் ஊன்றியிருந்த அவர், விந்தணுவே காரணம் என்று ஏற்கவில்லை. அவ்வுண்மையை 1824இல் பிரெவோ, டூமா இருவரும் நிலைநாட்டினர். ஆணின் உட்கருவும் பெண்ணின் உட்கருவும் ஒன்றாவதை 1876இல் ஹெர்ட்விக் கடல்முள்ளியின் முட்டையில் கண்டார்.

1780இல் ஸ்பல்லன்சானி ஒரு பெண் நாய்க்குச் செயற்கை முறையில் விந்தைச் செலுத்த, 62 நாட்களில் மூன்று குட்டிகள் பிறந்தன. அவ்வழி 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையை அடைந்தது. நம் சிற்றூர்களில் பசுக்களுக்குப் போடும் சினை ஊசியும் அதன் தொடர்ச்சியே.

பசுவுக்குச் சினை நிற்காவிடில் ஊசியையும் காளையின் விந்தையும் ஐயுறும் நாம், மனிதரிடம் மட்டும் அந்நீதியை மறப்பதேன்? குழந்தையில்லா வீட்டில் பழி பெண்மேல் விழுகிறது. 'மலடி' என்ற சொல் இன்னும் சாகவில்லை. ஏறத்தாழப் பாதி இணையரிடம் ஆணிடமும் குறை இருக்கக்கூடும் என்கின்றனர் மருத்துவர்கள். ஆயினும் கணவர் பலர் சோதனைக்கே முன்வருவதில்லை.

கண்முன் சான்று இருந்தும் முன்முடிவு அறிஞரையே மறைத்தது. அவருக்கேனும் அன்று போதிய கருவிகள் இல்லை. நமக்கு அச்சாக்கும் இல்லை. உயிரை ஈவதில் இருவரையும் பங்காளிகளாக்கினார் இறைவன். துயரைச் சுமப்பதிலும் இருவரும் பங்காளிகளாவதே நீதி.