தொல்காப்பியப் பூங்கா

தொல்காப்பியப் பூங்கா சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழியில், 58 ஏக்கரில் அமைந்துள்ள சூழல் மீட்பு, கல்வி மையம். அடையாறு பூங்கா என்றும் வழங்கப்படுகிறது. குப்பை கொட்டும் இடமாகிப்போன நீர்நிலையை மீட்டு, அதையே மாணவர்களுக்குப் பாடமாக்கியது இதன் சிறப்பு.

பின்னணி

1977-இல் திபிலிசியில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டுக்குப் பிறகு சூழல் கல்வி உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1984-இல் அகமதாபாத்திலும் 1989-இல் சென்னையிலும் (சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம்) இதற்கென நிறுவனங்கள் தோன்றின. சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. ஏட்டில் படித்ததை நேரில் பார்ப்பதற்கு நகரத்துக்குள்ளேயே இடம் தேவைப்பட்டது.

உருவாக்கம்

உப்பங்கழியில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டன, கழிவுநீரும் கலந்தது. அதைக் காக்கக் குடிமக்கள் அமைப்புகள் 1990-களில் நீதிமன்றம் சென்றன. 2006-இல் தமிழக அரசு அடையாறு பூங்கா அறக்கட்டளையை நிறுவியது; இதுவே பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையானது. ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் வனக்குழு திட்டத்தை வடிவமைத்தது. இடிபாடுகளை அகற்றி நீர்ப்பரப்பை விரிவாக்கினர். ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் அலையாத்தி மரங்களும், மேட்டில் சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களும் நடப்பட்டன. 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி பூங்காவைத் திறந்துவைத்தார்.

கல்விப் பணி

பள்ளி மாணவர்கள் ஆசிரியர்களுடன் குழுக்களாக வந்து, வழிகாட்டிகளோடு சுற்றிப் பார்க்கிறார்கள். உப்பங்கழிச் சேறு நல்ல பாடசாலை. அடையாற்று முகத்துவாரத்தில் வளரும் வெண்கண்டல், காற்றில்லாத சேற்றில் மூச்சுவிடுவதற்காக வேர்களை மேல்நோக்கி நீட்டும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும். இலையைத் தொட்டால் உப்பு விரலில் ஒட்டும். தாவரத் தகவமைப்பு என்ற பாடம் அப்போதே மனத்தில் பதிந்துவிடும்.

பிற ஊர்களுக்கான பொருத்தம்

இந்த முறைக்குக் கடலோரம்தான் வேண்டும் என்பதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி, திருச்சுழி போன்ற வறள்நில ஊர்களில் பாசன ஏரியான கண்மாயே உப்பங்கழியின் இடத்தில் நிற்கத் தக்கது. வரத்துக்கால் நீரைக் கொண்டுவருகிறது. மடை வயலுக்குத் திறந்துவிடுகிறது. கலுங்கு மிகுநீரை அடுத்த கண்மாய்க்கு அனுப்புகிறது. மழை குறைந்த மண்ணில் ஊர்கள் எப்படிப் பிழைத்தன என்பதை ஒரு கரையில் நடந்தே கற்றுக்கொள்ளலாம். கண்மாயின் உட்பகுதியான உள்வாயில் மண்டிய சீமைக் கருவேலம், அயல் தாவரம் நாட்டு மரங்களின் இடத்தைப் பிடிக்கும் விதத்தைக் காட்டும்.

கட்டடம் எழுப்புவதோடு மையம் உருவாகிவிடாது. முதலில் நீர்நிலை உயிர்பெற வேண்டும். அதைப் பேணும் வேலையில் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் பங்கு இருக்க வேண்டும். சென்னை அனுபவம் சிறுநகரங்களுக்குத் தரும் முதன்மையான பாடம் இதுவே.