வேடசந்தூர்ப் புகையிலைச் சாகுபடியும் அரசு மானியமும்

மதுரைக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வேடசந்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் புகையிலை விளையும் முக்கியப் பகுதிகளுள் ஒன்றாகும். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை இது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள புகையிலை உழவர்களிடம் அரசு முதலில் வரி வாங்கியது. பின்னர் ஆராய்ச்சி நிலையம் அமைத்துச் சாகுபடிக்கு உதவியது. இப்போது அப்பயிரைக் கைவிட மானியம் அளிக்கிறது.

சுருட்டும் மெல்லும் புகையிலையும்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு பெயர் பெற்றிருந்தது. ஸ்பென்சர் நிறுவனம் இங்கு சுருட்டு தயாரித்தது. சுருட்டுப் பழக்கம் குறைந்தபின் மெல்லும் புகையிலை முன்னுக்கு வந்தது. உப்பு நீரில் விளைந்த இலை சரியாக எரியாது என்பதால் சுருட்டுக்கு ஆகாது; மெல்லும் புகையிலைக்கு அது குறையன்று. இதனால் உவர்நீர்க் கிணறு உள்ள உழவருக்கும் இப்பயிர் வருமானம் தந்தது. காய்கறியைப் போல அழுகாததால், பதப்படுத்திய இலையை நல்ல விலை வரும்வரை இருப்பு வைக்கவும் முடிந்தது.

வரியும் ஆராய்ச்சியும்

1943-இல் இந்திய அரசு புகையிலை மீது கலால் வரி விதித்தது. பயிரிடுவோர் தம் சாகுபடியைக் கலால் அலுவலரிடம் அறிவிக்க வேண்டியிருந்தது. இலைப் புகையிலை மீதான இவ்வரி 1979-இல் நீக்கப்பட்டது.

1948-இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அது மெல்லும் புகையிலை ஆய்விலும் ஈடுபட்டது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு புகையிலை வாரியம் அமைந்தது. ஆனால் பயிரிடுவோர் பதிவு, ஏல விற்பனை ஆகிய அதன் முதன்மைப் பணிகள் ஆந்திரம், கருநாடகத்தின் வர்ஜீனியாப் புகையிலையைச் சார்ந்தவை. வேடசந்தூர் இலைக்கு அந்த ஏல மேடை இல்லை.

மாற்றுப்பயிர் மானியம்

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக நலவாழ்வு அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. அதன் 17-ஆம் உறுப்பு, புகையிலை உழவர்க்கும் தொழிலாளர்க்கும் கட்டுப்படியாகும் மாற்று வாழ்வாதாரத்தை ஊக்குவிக்கக் கோருகிறது. 2013-இல் தமிழ்நாடு அரசு குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றைத் தடை செய்தது. 2015-16-இல் நடுவண் அரசின் பயிர்ப் பன்முகப்படுத்தல் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட 10 புகையிலை மாநிலங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. மாற்றுப்பயிர்ச் செயல்விளக்கம், பண்ணைக் கருவிகள், மதிப்புக்கூட்டல், பயிற்சி ஆகியவற்றுக்கு இதில் நிதி உண்டு. புகையிலையை விட்டதற்கான இழப்பீடு இதில் இல்லை.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் 1930-களில் தொடங்கிய புகையிலை ஒதுக்கீட்டு முறை 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. ஒதுக்கீட்டு உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர் என 10 ஆண்டுத் தவணைகளில் ஈடு வழங்கப்பட்டது. அத்தொகை புகையிலை நிறுவனங்களிடம் தண்டப்பட்டது. யாருக்கு எவ்வளவு தருவது என்பதை ஒதுக்கீட்டுப் பதிவேடு காட்டியது.

வேடசந்தூரில் அத்தகைய ஒதுக்கீடு இருந்ததில்லை. பயிரிடுவோரைக் கணக்கெடுத்த கலால் முறையும் வரியோடு போயிற்று. குத்தகைக்குப் பயிரிடுவோர், இலை பறித்துப் பதப்படுத்தும் கூலியாட்கள் ஆகியோரின் பெயர்கள் நில ஆவணங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனவே நிலத்தை அடிப்படையாகக் கொண்ட மானியம் அவர்களைச் சென்றடைவது அரிது.